விண்டோஸ் 11 ஏற்றியபின் கணினி எழவில்லையா? எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது

“நேத்து ராத்திரி அப்கிரேடு போட்டுட்டுப் படுத்தேன். காலையில ஆன் பண்ணா கறுப்பாவே நிக்குது.” விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்த பிறகு, இதை நான் கேட்காத வாரம் குறைவு. இப்படி வரும் கணினிகளில் மூலக் கோளாறு பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். பதற்றத்தில் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்த வைத்தியம்தான் பெரிய சேதமாகிவிடுகிறது: ரீசெட் கொடுத்தது, பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) அழித்தது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) எதையோ மாற்றிவிட்டு எதை மாற்றினோம் என்று மறந்தது.

கீழே உள்ள வரிசைக்கு ஒரே கணக்குதான். செய்தபின் பழையபடி ஆக்கக்கூடியது முன்னால், ஆக்க முடியாதது பின்னால். ஏதாவது ஒரு படியில் கணினி எழுந்துவிட்டால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மிச்சத்தையும் “எதற்கும் செய்து வைப்போம்” என்று செய்யாதீர்கள்.

1. உட்காருமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒழுங்காக ஓடும் இன்னொரு கணினி வேண்டும், இரவலாக இருந்தாலும் போதும். அதில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதை எடுங்கள்.

கோப்புகளை நகலெடுக்க வேறொரு ஹார்ட் டிஸ்க் அல்லது பென்டிரைவ் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாத பிளக்கில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பூட் கோப்பு (விண்டோஸ் கிளம்பத் தேவையான கோப்பு) எழுதும் நேரத்தில் கரன்ட் போனால் ஒரு கோளாறு இரண்டாகும்.

போன் கேமராவும் பக்கத்தில் இருக்கட்டும். பயாஸில் எதை மாற்றினாலும் மாற்றுமுன் அந்தத் திரையைப் படம் எடுங்கள்.

2. உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள்

அப்கிரேடு நடக்கும்போது கணினி பலமுறை தானாக அணைந்து எழும். எஸ்எஸ்டி இல்லாத பழைய கணினிகளில் சதவீத எண் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதும் உண்டு. டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா, டிஸ்க் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் கை வைக்காதீர்கள்.

“அன்டூயிங் சேஞ்சஸ்” என்று வந்தால் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பவர் பட்டனை அமுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு. பழையதும் இல்லாமல், புதியதும் இல்லாமல் பாதியில் நின்றுவிடும்.

இரண்டு மூன்று மணி நேரம் விளக்கு, சத்தம் எதுவும் இல்லையென்றால் மட்டும் பவர் பட்டனை 10 விநாடி அமுக்கிப் பிடித்து அணையுங்கள்.

3. எந்த இடத்தில் நிற்கிறது?

“ஆன் ஆகலை” என்பது நோயின் பெயரே இல்லை. கணினி கிளம்புவதில் வரிசையான கட்டங்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டனை அமுக்கிவிட்டு, வேறெதையும் தொடாமல், திரையில் வரிசையாக என்ன வருகிறது என்று ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் காட்சிக்கே வரவில்லை. மானிட்டர் கேபிள், ரேம், கிராபிக்ஸ் கார்டு பக்கம் தேடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்பில் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு “டிஸ்ப்ளே போச்சு” என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

கம்பெனி லோகோ வந்து, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பகுதி 5-க்குப் போங்கள்.

நீளமான எண்ணைக் கேட்டு ஒரு திரை நின்றால் அது பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் குறியாக்கம்), பகுதி 7.

விண்டோஸ் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, பிழைச்சொல் ஒன்றைக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனாலோ டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) அல்லது அப்டேட் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அந்தப் பழைய நீலத்திரையே கறுப்பாகிவிட்டது. அதனால் “கறுப்பா இருக்கு” என்று மட்டும் சொன்னால் போதாது, அதில் எழுத்து இருந்ததா என்று பாருங்கள். கீழே வரும் பிழைச்சொல்லைப் படம் எடுங்கள்.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்றால் விண்டோஸ் எழுந்துவிட்டது, முகம்தான் தெரியவில்லை. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்குங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலன் இல்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அமுக்கி டாஸ்க் மேனேஜர் வருகிறதா பாருங்கள். வந்தால் அதில் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் டெஸ்க்டாப் திரும்பி வருவதுண்டு.

4. செருகியிருப்பதை எல்லாம் பிடுங்குங்கள்

பிரிண்டர், பென்டிரைவ், மெமரி கார்டு, இரண்டாவது மானிட்டர், யூஎஸ்பி ஹப் எதுவும் வேண்டாம். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். மறந்துபோய்ச் செருகியிருந்த ஒரு பென்டிரைவிலிருந்து கிளம்பப் பார்த்து நிற்கும் கணினிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பிளக்கையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, மறுபடி செருகி ஆன் செய்யுங்கள்.

5. பயாஸில் கை வைத்தீர்களா?

கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால், “யூடியூப்ல பார்த்து டிபிஎம் மட்டும் ஆன் பண்ணேன்” என்பார்கள். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், செக்யூர் பூட்டுக்கு (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் வசதிக்கு) ஏற்ற அமைப்பையும் கேட்பதால், பலர் பயாஸுக்குள் போய் லெகசி என்றோ சிஎஸ்எம் என்றோ இருந்த பழைய கிளம்பும் முறையை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அடுத்த ஆன் முதல் பூட் டிவைஸ் இல்லை.

காரணம் இதுதான். விண்டோஸ் முதலில் லெகசி முறையில் ஏற்றப்பட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருக்கும். யூஇஎஃப்ஐ தேடுவது வேறொன்றை: தனக்கென்று இருக்க வேண்டிய சின்ன பூட் பார்ட்டிஷனை. அது அந்த டிஸ்கிலேயே இல்லை. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசல்தான் மாறிவிட்டது.

பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை முன்பு இருந்தபடியே ஆன் செய்யுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான கணினிகள் அந்த நிமிடமே எழுந்துவிடும். யூஇஎஃப்ஐ கட்டாயம் வேண்டுமென்றால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்டுஜிபிடி (mbr2gpt) என்ற கருவி டிஸ்கை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் வேலிடேட், அது தேறினால் கன்வெர்ட், அதற்குப் பிறகுதான் பயாஸில் யூஇஎஃப்ஐ. புதியவர்கள் செய்வது இதைத் தலைகீழாக. கன்வெர்ட் செய்ததை, விண்டோஸோடு வரும் கருவிகளால் டிஸ்கை அழிக்காமல் பழையபடி திருப்ப முடியாது. அதனால் பகுதி 8 முடியாமல் அதைத் தொடாதீர்கள்.

பயாஸில் இருக்கும்போதே தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, உங்கள் பயாஸ் அமைப்பு எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். அப்போது டிஸ்க் கன்ட்ரோலர் முறையும் (டிஸ்கோடு கணினி பேசும் விதம்) மாறியிருக்கலாம். ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கோ போனால் விண்டோஸ் “இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்று சொல்லி நின்றுவிடும். முன்பு எது இருந்ததோ அதற்கே மாற்றுங்கள். எது இருந்தது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், இதில் டேட்டா அழியாது.

கடைசியாக, யூஇஎஃப்ஐ முறை என்றால், பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

6. மீட்புத் திரைக்குள் போவது

விண்டோஸ் அடுத்தடுத்துக் கிளம்பத் தவறினால் மீட்புத் திரை தானாக வரும். வரவில்லையென்றால் நீங்களே வரவழைக்கலாம். ஆன் செய்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை தானாக ரிப்பேர் பக்கம் திரும்பும். அப்கிரேடு சதவீதம் ஓடும் திரையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

அதற்கும் மசியவில்லையென்றால் தயாரித்து வைத்த பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கிளப்புங்கள். பூட் மெனு விசை டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். இன்ஸ்டால் திரை வந்ததும் இன்ஸ்டாலை விட்டுவிட்டு, அதே திரையில் இருக்கும் ரிப்பேர் என்ற தேர்வுக்குப் போங்கள்.

உள்ளே போனதும் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே ஒருமுறை. முதல் தடவை முடியாததை அது ஐந்தாம் தடவையும் முடிக்காது.

7. பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்கம்

“நான் பிட்லாக்கர் போடவே இல்லையே” என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ தொட்டதும், யாரோ அந்நியர் கை வைக்கிறார் என்று சந்தேகப்பட்டுச் சாவியைக் கேட்கிறது.

சாவி பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். திரையில் ஒரு அடையாள எண்ணும் வரும். கணக்கில் நான்கைந்து சாவி இருந்தால் அந்த அடையாள எண்ணோடு பொருந்துவதை எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும். கணினியை வாங்கிக் கொடுத்த மகனோ மருமகனோ தன் கணக்கில் உள்நுழைந்து அமைத்துக் கொடுத்திருப்பார். அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாவி கிடைக்கவே இல்லையென்றால் அந்த டிஸ்கில் உள்ளதை எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தர முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

8. ரிப்பேருக்கு முன் கோப்புகளை வெளியே எடுங்கள்

இந்தப் படியை ஒருமுறை நான் தாண்டினேன். ஒரு கணக்காளரின் டெஸ்க்டாப், டிஸ்கில் லேசாக டக் டக் சத்தம். பிழையைத் திருத்திவிட்டு நகலெடுக்கலாம் என்று செக் டிஸ்க் போட்டேன். 11 சதவீதத்தில் நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கணினியும் அந்த டிஸ்கை அடையாளம் காணவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொல்வது அதன் கடைசி மூச்சை நாமே செலவழிப்பது.

மீட்புத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போங்கள். கறுப்புச் சன்னலில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஆம், அதே நோட்பேட்தான். அதில் ஃபைல், ஓபன் போய், கீழே கோப்பு வகையில் ஆல் ஃபைல்ஸைத் தேர்ந்தெடுங்கள். இப்போது அந்தச் சின்ன ஓபன் சன்னலே உங்களுக்கு ஒரு ஃபைல் மேனேஜர்.

இங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். வழக்கமான சி இப்போது டி ஆகியிருக்கும். எக்ஸ் என்று இருப்பது மீட்புத் திரையின் தற்காலிக இடம். யூசர்ஸ் என்ற ஃபோல்டர் உள்ளே உங்கள் பெயரோடு எதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிரைவ். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்குக்குப் போய் பேஸ்ட்.

முன்னேற்றப் பட்டை எதுவும் வராது. சன்னல் உறைந்துபோனது போல நிற்கும். உறையவில்லை, நகலெடுக்கிறது, விட்டுவிடுங்கள். அதனால்தான் முழு ஃபோல்டரையும் ஒரே மூச்சில் இழுக்காமல், முக்கியமான சின்ன ஃபோல்டரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் எல்லோரும் எடுப்பார்கள். டாலி டேட்டா ஃபோல்டரை மறப்பார்கள், அது பெரும்பாலும் இந்த நான்கிலும் இருக்காது. டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பயப்படாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள்.

9. சேஃப் மோட்

சேஃப் மோட் என்றால் அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைக் கிளப்புவது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அமுக்குங்கள். இணையம் வேண்டுமென்றால் 5. சேஃப் மோடில் எழுந்துவிட்டால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுதான் மறிக்கிறது என்று பொருள்.

முதலில் வேறு கம்பெனி ஆன்டிவைரஸை நீக்குங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவரை ரோல்பேக் (முந்தைய பதிப்புக்குத் திருப்புதல்) செய்யுங்கள், இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டையும் சேர்த்து நீக்கினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போகும், அடுத்த வாரம் அதையே மறுபடி ஏற்றுவீர்கள்.

10. அப்டேட்டைக் கழற்றுவது, பழைய பதிப்புக்குத் திரும்புவது

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸுக்குள் இரண்டு இருக்கும். குவாலிட்டி அப்டேட் என்பது மாதாமாதம் வரும் சின்னது. ஃபீச்சர் அப்டேட் என்பது பதிப்பையே மாற்றும் பெரியது. 11 ஏற்றி நன்றாக ஓடி, மாத அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் குவாலிட்டியைக் கழற்றுங்கள். ஏற்றிய நாளிலிருந்தே தகராறு என்றால் மட்டும் மற்றது.

பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமான கெடு 10 நாள். பழைய விண்டோஸ், விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் அதுவரைதான் காத்திருக்கும். இடம் அடைக்கிறது என்று டிஸ்க் கிளீனப் செய்து அதை அழித்துவிட்டு, மறுநாள் திரும்ப வழி கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பினால் அப்கிரேடுக்குப் பிறகு ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும்.

11. பூட் கோப்புகளை மறுபடி எழுதுவது

பயாஸ் சரியாக இருக்கிறது, நோட்பேடில் உங்கள் கோப்புகளும் தெரிகின்றன, ஆனாலும் பூட் டிவைஸ் இல்லை என்றே வந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

பல இடங்களில் பூட்ரெக் என்ற கட்டளையைச் சொல்வார்கள். யூஇஎஃப்ஐ கணினிகளில் அதன் ஃபிக்ஸ்பூட் பல சமயம் “ஆக்சஸ் இஸ் டினைடு” என்று கையை விரித்துவிடும். நான் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டு நாளாகிறது. நேராக பிசிடிபூட் (bcdboot), பூட் கோப்புகளைப் புதிதாக எழுதும் கட்டளை.

கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்க்பார்ட் தட்டி, லிஸ்ட் வால்யூம் கொடுங்கள். ஃபேட்32 வகையில் 100 எம்பி, சிலவற்றில் 260 எம்பி என்று இருப்பது பூட் பார்ட்டிஷன். செலக்ட் வால்யூம் என்று அதன் எண்ணைக் கொடுத்து, அசைன் லெட்டர் ஈக்வல்ஸ் எஸ் என்று அதற்கு எஸ் எழுத்தைத் தந்து, எக்சிட் கொடுங்கள். பென்டிரைவும் ஃபேட்32-ஆகவே காட்டும், ஆனால் ஜிபி கணக்கில் இருக்கும், குழம்ப வேண்டாம். டிஸ்க்பார்ட்டுக்குள் கிளீன் என்ற சொல்லை மட்டும் விளையாட்டுக்குக்கூட அடிக்காதீர்கள். அது தூசி துடைக்காது, பார்ட்டிஷன்களையே துடைத்துவிடும்.

அடுத்த வரி: பிசிடிபூட், இடைவெளி, உங்கள் டிரைவ் எழுத்து, கோலன், பின்சாய்கோடு, விண்டோஸ், இடைவெளி, முன்சாய்கோடு எஸ், இடைவெளி, எஸ் கோலன், இடைவெளி, முன்சாய்கோடு எஃப், இடைவெளி, யூஇஎஃப்ஐ. பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும். டிரைவ் எழுத்து பகுதி 8-இல் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் சி என்று அடிப்பதால்தான் பாதிப்பேருக்கு இது பலிப்பதில்லை.

12. ரீசெட்

இதற்கு வந்துவிட்டால் ரீசெட் திஸ் பிசியில் கீப் மை ஃபைல்ஸைத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்து எல்லாம் இருக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் யூசர் ஃபோல்டர் கோப்புகள் இருக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். லைசென்ஸ் எண்களைத் தேடி எடுத்துவைத்த பிறகு செய்யுங்கள்.

கிளவுட் டவுன்லோடா லோக்கலா என்று கேட்கும். விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கும் சந்தேகம் இருப்பதால் கிளவுட் நல்லது, ஆனால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்குமுன் பேலன்ஸைப் பாருங்கள்.

13. எழுந்த உடனே

அணைத்துப் போடாமல், அதே அமர்வில் மூன்று வேலை. அப்டேட்ஸை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள் (பாஸ்), இல்லையென்றால் கழற்றிய அப்டேட்டே ராத்திரி மறுபடி ஏறும். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கிராபிக்ஸ், சிப்செட் டிரைவர்களை எடுங்கள். பிட்லாக்கர் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அந்தச் சாவியை அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.